சிற்றுருக்கள்: எளியவை எவை, அரியவை எவை?

பூண்டுலோயாவின் உயர்ந்த தோட்டப் பாதை ஒன்றில் நின்று பள்ளத்தாக்கை நோக்குவோருக்குத் தேயிலைத் தொழிற்சாலை ஒரு தீப்பெட்டியளவாகவும், லயங்கள் வரிசையாக வைத்த மரத்துண்டுகள் போலவும் தோன்றும். தொலைவு பொருள்களைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. அவ்வாறு சிறிதான உருவை, உறுப்புகள் யாவும் ஒரே விகிதத்திற் குறைந்திருக்குமாறு கையாற் செய்து அமைப்பதே சிற்றுருக்கலையாகும். கடைகளில் 'மொடல்' என்று கேட்டு வாங்கப்படும் பெட்டிகள் இக்கலையைச் சேர்ந்தவை. விமானம், கப்பல், புகைவண்டி, மோட்டார் வண்டி ஆகியவற்றின் பாகங்கள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டுப் பெட்டிக்குள் இருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, ஒட்டி, வர்ணந்தீட்டி முடிக்க வேண்டியது வாங்கியவரின் பொறுப்பு.

இப்பெட்டிகளை வாங்குவோர் பெரும்பாலும் முதலிற் பார்ப்பது மேலட்டையிலுள்ள படத்தையே. கட்டுவதற்கு இது எளிதா, கடினமா என்ற கேள்வி பெட்டியைப் பிரித்த பின்னரே எழுகிறது. மலையகத்துத் தோட்டமொன்றில் வாழும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ கொழும்பிலிருந்து வரும் மாமன் ஒரு பெட்டியை வாங்கி வருகிறார் என்று கொள்வோம். அது பழுதாகிவிட்டால் அடுத்த பெட்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. விமானத்தின் இறக்கை கோணலாகி, கண்ணாடி வெண்மை படிந்து போனால், தன் கைக்கு இந்த வேலை வராது என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிடும். பல வேளைகளிற் பிழை கையில் இல்லை, பெட்டியைத் தேர்ந்தெடுத்த முறையில் இருக்கிறது. ஆகவே கடினத்தை முன்கூட்டியே மதிப்பிட அறிதல், கட்டத் தெரிதலுக்கு முற்பட்ட கல்வியாகும்.

முதலில் அளவுத்திட்டத்தை விளங்கிக் கொள்ள வேண்டும். பெட்டியின் மீது 1:72 என்று இருந்தால், உண்மைப் பொருளின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது பொருள். ஆறடி நீளம் ஓர் அங்குலமாகக் குறையும். 1:48 ஆயின் நான்கடி ஓர் அங்குலமாகும். சிற்றுரு சிறிதானால் வேலையும் சிறிதாகும் என்று கருதுதல் தவறு. 1:72 இல் ஒரு மில்லிமீற்றர் பிழை உண்மைப் பொருளில் ஏழு சதமமீற்றருக்குச் சற்று மேலான பிழையாகும். 1:700 இலோ அதே ஒரு மில்லிமீற்றர் எழுபது சதமமீற்றருக்குச் சமம். உருவம் சிறுத்தாலும் விரலின் பருமனும் கண்ணின் கூர்மையும் பசைத்துளியின் அளவும் சிறுப்பதில்லை. கடினத்தின் ஒரு பகுதி இங்கேதான் பிறக்கிறது.

1:72 என்னும் அளவு பிரித்தானியாவில் 1932 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கைபேர்ட்ஸ் என்னும் மர விமானச் சிற்றுருக்களால் நிலைபெற்றது. 1936 இல் புரொக் பெங்குவின் என்ற பெயரில் பிளாஸ்டிக் பாகங்களைக் கொண்ட பெட்டிகள் வெளியாயின. 1939 இல் ஹங்கேரியரான நிக்கலஸ் கோவ் தொடங்கிய எயர்பிக்ஸ் நிறுவனம், 1949 இல் பெர்குசன் உழவு இயந்திரத்தின் சிற்றுருவையும் 1952 இல் கோல்டன் ஹைண்ட் என்னும் பாய்க்கப்பலின் சிறு உருவையும் செய்து, விலை மலிந்த சிற்றுருவைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டு வந்தது. ஜப்பானிற் மரத்தொழிலில் தொடங்கிய தமியா நிறுவனம் 1960 இல் யமாட்டோ போர்க்கப்பலின் உருவைத் தனது முதலாவது பிளாஸ்டிக் சிற்றுருவாக வெளியிட்டது.

இப்பாகங்கள் செய்யப்படும் முறையையும் அறிதல் நன்று. உருகிய பிளாஸ்டிக், இரு பாதிகளாகவுள்ள உலோக அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. அது குளிர்ந்ததும் அச்சைத் திறந்தால், பாகங்கள் ஒரு சட்டத்தில் இணைந்தபடி வெளிவரும். அச்சின் இரு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று பாகத்தின் மீது விழும். அச்சுப் பழையதாகித் தேயும்போது பிளாஸ்டிக் இடுக்கினூடே கசிந்து, பாகங்களின் ஓரத்தில் இதழ் போலப் படியும். அந்த இதழைச் சுரண்டி நீக்குவதும், பொருந்தாத இடைவெளியைப் பூச்சால் நிரப்பித் தேய்ப்பதும் வாங்கியவர் தலையில் விழும் வேலைகள். பெட்டி புதிதாயிருக்கலாம், அட்டைப் படமும் புதிதாயிருக்கலாம். உள்ளே உள்ளது பல்லாண்டுகளுக்கு முன் வெட்டிய அச்சில் வார்த்த பொருளாயிருத்தல் கூடும். எனவே பெட்டி வெளியான ஆண்டைவிட அச்சு வெட்டப்பட்ட ஆண்டே கடினத்தை அறிய உதவுவது.

நிறுவனங்கள் தாமே சில எண்களை இட்டுக் கடினத்தைக் குறிப்பதுண்டு. ரெவல் நிறுவனம் தன் பெட்டிகளை ஒன்று முதல் ஐந்து வரையான படிகளாகவும், எயர்பிக்ஸ் ஒன்று முதல் நான்கு வரையான படிகளாகவும் வகுத்துள்ளன. எயர்பிக்ஸின் பழைய பெட்டிகளிற் காணப்படும் தொடர் எண்ணோ வேறு. அது உருவின் பருமனையும் விலையையும் ஒட்டியது. தொடர் ஒன்று என்பதைக் கண்டு இது எளியது என எண்ணிச் சிறுபிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் ஏமாறுவதற்கு இதுவே காரணம். படி எண் பயனற்றது என்பதன்று. அது ஒரு சராசரிக் கணக்கு. கட்டுபவர் யார், அவரிடமுள்ள கருவிகள் எவை, அவர் வாழும் இடத்துக் காற்று எத்தகையது என்பவற்றைப் பெட்டியின் மீது அச்சிட்ட எண் அறியாது.

பலரும் கடினத்தைப் பாகங்களின் தொகையால் அளக்கின்றனர். ஐம்பது பாகங்களுள்ளது எளிது, ஐந்நூறு பாகங்களுள்ளது கடினம் என்பது அவர்களின் கணக்கு. இதில் உழைப்பும் கடினமும் ஒன்றெனக் கருதப்படுகின்றன. இவ்விரண்டின் வேறுபாட்டைத் தோட்ட மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொழுந்து பறித்தல் நாள் முழுதும் நீளும் கடும் உழைப்பு. விரல்களின் தேர்ச்சியும் அதற்கு வேண்டும். எனினும் ஒரு செடியில் ஒரு தளிர் தவறிப் போனால் அடுத்த சுற்றில் அது கைக்கு வரும். கவ்வாத்து வெட்டுதல் அவ்வாறன்று. கத்தி ஒருமுறை தவறான இடத்தில் இறங்கினால், அடுத்த கவ்வாத்து வரை, அதாவது சில ஆண்டுகள், அந்தச் செடி அக்குறையைச் சுமந்து நிற்கும். கையசைவுகளின் தொகையைக் கொண்டு இவ்விரு வேலைகளின் அருமையை ஒப்பிட முடியாது. பிழையைத் திருத்த முடியுமா, முடியாதா என்பதே அளவுகோல்.

சிற்றுருவுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். 1:35 அளவிலான தாங்கி ஒன்றில் சங்கிலிப் பட்டையின் கண்ணிகள் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கலாம். அவை யாவும் ஒரே வடிவின. பத்தைச் செய்து பழகியவர் எஞ்சியவற்றையும் செய்வார். ஒன்று முறிந்தால், பெரும்பாலும் மேலதிகக் கண்ணி சட்டத்தில் இருக்கும். அவ்வேலை பொறுமையைச் சோதிக்குமே அன்றி அறிவைச் சோதிப்பதில்லை. அதே வேளையில், முப்பது பாகங்களே கொண்ட சிறு விமானத்தில் விமானியின் இருக்கைக்கு மேலுள்ள ஒளிபுகும் மூடி ஒன்றே இருக்கும். உடனே இறுகும் பசையின் ஆவி அதன் மீது படிந்தால் கண்ணாடி வெண்மையாகிவிடும். மாற்று மூடி பெட்டியில் இராது.

ஆகவே ஒரு பெட்டியை மதிப்பிட விரும்புவோர், அதன் செய்முறைத் தாளை எடுத்து, மீளமுடியாத வேலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒளிபுகும் பாகங்களை ஒட்டுதல், இரு இறக்கை விமானத்தின் மேலிறக்கையைத் தாங்குகோல்களின் மீது ஒரே நேரத்தில் நிறுத்துதல், மெல்லிய பித்தளைத் தகட்டிலான பாகங்களை மடித்தல், நீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் சின்னங்களை வளைந்த பரப்பில் படியவைத்தல் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் ஒன்றோ இரண்டோ உள்ள பெட்டி முதன்முறை கட்டுவோருக்கும் ஏற்றது. நான்கும் ஒருங்கே அமைந்த பெட்டியைப் பாகங்கள் குறைவென்று கருதி வாங்குதல் தகாது.

இதனை இலங்கை வரலாற்றோடு தொடர்புடைய மூன்று உருவங்களைக் கொண்டு விளக்கலாம். 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆந் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா என்னும் பறக்கும் படகு, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிற்று. அதன் தலைவர் கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சோல். செய்தி முடிவதற்குள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியோர் சிறைபிடிக்கப்பட்டனர். மறுநாள் ஏப்ரல் 5 இல் கொழும்பு தாக்கப்பட்டபோது, இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிகேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஹரிகேன் விமானத்தின் இறக்கை வீச்சு சுமார் 12.2 மீற்றர். 1:72 அளவில் அது 17 சதமமீற்றராகும். ஒற்றை இறக்கை, அது உடலின் அடியிற் பொருந்துகிறது. இறக்கை இரு பக்கமும் ஒத்து நிற்பதற்கு உடலின் அமைப்பே துணைசெய்யும். கடினமான இடம் கண்ணாடி மூடி ஒன்றே எனலாம். தொடங்குவோருக்கு இது தக்கது.

கட்டலினாவின் இறக்கை வீச்சு 31.7 மீற்றர். அதே 1:72 அளவில் 44 சதமமீற்றர். பெரிய உருவானபடியாற் பிடிக்க எளிது என்று தோன்றும். ஆயின் அதன் நீண்ட இறக்கை உடலை நேரே தொடுவதில்லை. உடலுக்கு மேலெழும் ஒரு தூணின் மீதும், இருபுறமுள்ள சாய்ந்த தாங்குகோல்களின் மீதும் அது நிற்கிறது. தூண் இம்மியளவு சாய்ந்தால், இறக்கையின் முனையில் அந்தச் சாய்வு பன்மடங்காகக் காணப்படும். பசை இறுகிய பின் அதைத் திருத்த வழியில்லை. உடலின் இருபக்கமும் குமிழ் வடிவான கண்ணாடிகளும் உண்டு. இன்னுமொன்று: பேர்ச்சோல் செலுத்தியது நீரில் மட்டுமே இறங்கவல்ல வகை. பெட்டியிலுள்ளது நிலத்திலும் இறங்கும் சில்லுள்ள வகையாயின், சில்லறைகளை மூடித் தேய்த்து உருவை மாற்ற வேண்டும். வரலாற்றுக்கு உண்மையாயிருக்க விரும்பும் ஒருவருக்குப் பெட்டியின் படி எண் இவ்விடத்தில் ஓரளவு உயர்ந்துவிடுகிறது.

ஹேர்மிஸ் கப்பல் சுமார் 183 மீற்றர் நீளமானது. ஜப்பானின் ஆவோஷிமா நிறுவனம் இதனை 1:700 அளவில் வெளியிட்டுள்ளது. நீளம் 26 சதமமீற்றர். இங்கே கடினம் வேறு வகையானது. கப்பலின் ஒரு மீற்றர் உயரமான கைப்பிடி வேலி, இவ்வளவில் ஒன்றரை மில்லிமீற்றரிலும் குறைவு. பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லிதாக வார்த்தல் அரிது. வேலி வேண்டுவோர் பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த பாகங்களை நாடவேண்டும். வேண்டாதோர் அதனை விட்டுவிடலாம். வேலியில்லாத கப்பல் பிழையான கப்பலாகிவிடாது. மூழ்கிய நாளில் ஹேர்மிஸ் தன் விமானங்களின்றியே சென்றது. ஆதலால் அந்நாளின் தோற்றத்தை அமைப்போர் சின்னஞ்சிறு விமானங்களை ஒட்டும் வேலையிலிருந்து விடுபடுகின்றனர். ஆக, இம்மூன்றினுள் கப்பலே கட்டுபவரின் விருப்பத்துக்கேற்பக் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடந்தருகிறது. கட்டலினா அவ்வாறு இடந்தருவதில்லை.

பெட்டியில் வராத கடினமும் ஒன்றுண்டு. தலவாக்கலைக்கு வந்து போகும் மலைநாட்டுப் புகைவண்டியைச் சிற்றுருவாக அமைக்க ஒருவர் விரும்புகிறார் என்க. 1885 இல் நானுஓயாவை எட்டிய இவ்வழியின் தண்டவாள அகலம் ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். பிரித்தானியாவிற் பெருவழக்கான ஏறத்தாழ 1:76 அளவில் இது 22 மில்லிமீற்றராக வேண்டும். அவ்வளவுக்கென்று கடைகளில் விற்கப்படும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர் அகலமுடையது. அதன் மேல் வைத்தால் மலைநாட்டு வண்டி ஒடுங்கிய காலில் நிற்கும். இவ்வழியின் மிகக் கூர்மையான வளைவுகள் ஐந்து சங்கிலி ஆரையுடையவை. அது சுமார் 100 மீற்றர். 1:76 இல் அவ்வாரை 1.32 மீற்றர். வட்டத்தை முழுமையாக்கினால் குறுக்களவு 2.64 மீற்றர். பழைய லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. மலைநாட்டுப் பாதையின் மிக இறுக்கமான வளைவு ஒன்றே அவ்வறையை அடைத்துக்கொள்ளும். இவ்வாறு இடத்தையும் கணக்கிட்ட பின்னரே இவ்வேலையின் அருமையை உரைக்க முடியும். வண்டி ஒன்றையும் நேரான தண்டவாளத் துண்டு ஒன்றையும் மட்டும் அமைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது எளிதான மாற்றுவழி.

இதற்கு மாறாக, பெட்டியே இல்லாமற் கட்டக்கூடிய எளிய பொருள் பூண்டுலோயாவின் கண்ணெதிரே உள்ளது. டன்சினன் போன்ற தோட்டங்களின் நாடெங்கும் அறியப்பட்ட தொழிற்சாலை வடிவத்தை எடுத்துக்கொள்வோம். நீண்ட செவ்வக உடல். கொழுந்து வாட்டும் மேல்மாடிகள். வரிசை வரிசையாக ஒரே மாதிரியான சன்னல்கள். மேலே தகரக் கூரை. அறுபது மீற்றர் நீளமான தொழிற்சாலை 1:200 அளவில் முப்பது சதமமீற்றராகும். தடித்த அட்டை, அளவுகோல், கூரிய கத்தி, வெண்பசை ஆகியன போதும். சன்னல்கள் நூற்றுக்கு மேற்பட்டாலும் அவை ஒரே வேலையின் மீள்செய்கையே. ஒரு சுவர் பழுதானால் மற்றோர் அட்டையை வெட்டலாம். இழப்பு மிகச் சிறிதே. மீளமுடியாத இடம் இதில் ஏறத்தாழ எதுவுமில்லை. முன்னர் கூறிய அளவுகோலால் நோக்கின், பாகங்கள் பலவாயுள்ள இத்தொழிற்சாலை முப்பது பாகச் சிறு விமானத்தினும் எளிதாகும். ஒன்றை மட்டும் கட்டுபவர் தாமே செய்தல் வேண்டும்: கட்டடத்தை அடியளந்து, படம் வரைந்து, அளவைக் குறைத்துக் கணக்கிடல். ஏழாம் எட்டாம் வகுப்புக் கணிதத்திலுள்ள விகிதமே அதற்குப் போதும்.

மலையகத்தின் காலநிலையும் மதிப்பீட்டிற் சேர வேண்டிய ஒன்று. மூடுபனியும் நீண்ட மழையும் உள்ள நாட்களில், விரைந்து உலரும் லாக்கர் வகை வர்ணங்கள் காற்றின் ஈரத்தால் வெளிறிப் படியக்கூடும். எனாமல் வர்ணம் உலர நெடுநேரம் எடுக்கும். அதற்குள் தூசி படியும். வெயில் உள்ள முற்பகலில் வர்ணந்தீட்டுதல் ஒருவழி. நீரிற் கரையும் அக்கிரிலிக் வர்ணத்தை மெல்லிய பூச்சுகளாக இடுதல் மற்றொருவழி. இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசைகளினதும் லாக்கர் வர்ணங்களினதும் ஆவி எளிதில் தீப்பற்றும்; மூச்சுக்கும் தீங்கானது. அடுப்பெரியும் அறையிலோ குழந்தை உறங்கும் அறையிலோ அவற்றைத் திறக்கலாகாது. ஓரறை வீட்டில் வாழ்வோருக்கு இவ்வகைப் பசையை வேண்டும் பெட்டி, அதன் மீது எந்த எண் அச்சிடப்பட்டிருந்தாலும், எளிய பெட்டியன்று. அழுத்திப் பொருத்தும் வகைப் பெட்டிகள் அத்தகைய வீட்டுக்கு நலம் பயப்பவை.

இதுவரை கூறியவற்றை வாங்குமுன் கேட்கத்தக்க கேள்விகளாகத் தொகுத்துக்கொள்ளலாம். பிழைத்தால் திருத்த முடியாத வேலைகள் எத்தனை? பெரிய பாகங்கள் தாமே நிலைபெறும் வண்ணம் பொருந்துகின்றனவா, அன்றிக் கைதான் பிடித்து நிறுத்த வேண்டுமா? அச்சு எக்காலத்தது? சட்டத்திலுள்ள மிகச் சிறிய பாகத்தை விரலாற் பற்ற முடியுமா? வேண்டிய பசையும் வர்ணமும் அருகிற் கிடைக்குமா, கிடைத்தால் அவற்றை அவ்வீட்டிற் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாமா? இவற்றுள் மூன்றுக்கு நல்விடை கிடைக்காத பெட்டியை மூன்றாவது, நான்காவது முயற்சிக்கென ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை. வாங்கிய பின்னும் பசையைத் திறக்குமுன் பாகங்களைப் பசையின்றிப் பொருத்திப் பார்க்கலாம். பொருந்தாத இடம் அப்போதே தெரியும். அந்நிலையில் எதுவும் இழக்கப்பட்டிராது.

பிள்ளைகளுக்குப் பெட்டி வாங்கிக் கொடுக்கும் பெரியோர், அவர்களின் வயதை மட்டும் நோக்காது, அவர்கள் முன்னர் முடித்த வேலையையும் நோக்க வேண்டும். அட்டைத் தொழிற்சாலை ஒன்றை முடித்த பத்து வயதுப் பிள்ளை, எதையும் முடித்தறியாத பதினைந்து வயதினனை விட ஹரிகேனுக்குத் தகுதியுடையது. ஹரிகேனை முடித்த கை கட்டலினாவின் இறக்கையை நிறுத்தக் கற்றுக்கொள்ளும். இடையில் ஒன்று கெட்டுப்போனாலும், எந்தப் படியில், எந்த ஒட்டில் அது கெட்டது என்று பிள்ளையுடன் இருந்து கண்டறிதல் வேண்டும். பிழையின் இடம் தெரிந்துவிட்டால், தன் கைக்கு வேலை வராது என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமிராது. கெட்ட உருவைத் தூக்கி எறியாது வைத்திருந்து, அடுத்த பெட்டியின் வர்ணத்தை முதலில் அதன் மீது தீட்டிப் பழகுவது பயனுடைய வழக்கமாகும்.